புறப்பட்ட கரை

ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு. விடைபெறும் ஆராதனை முடிந்ததும் சபையார் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். 40 பேருக்குக் குறையாது. கிறிஸ்துமஸ் இரவைத் தவிர அந்தக் கோவிலில் அவ்வளவு பேரை நான் பார்த்ததில்லை. கடைசியாக வந்தவர் தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி. என் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, "ஊருக்குப் போவதற்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். ஆறு வருஷமாக எங்கள் முகத்தை மட்டும்தானே பார்த்தீர்கள்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். ஜெர்மனியின் கிழக்கு ஓரம், சாக்சனி மாநிலம், பவுட்சன் நகருக்குப் பக்கத்தில் நான்கு கிராமச் சபைகளுக்கு என் கணவர் போதகராக இருந்தார். லுத்தரன் சபைகள் தங்களுக்குள் ஊழியர்களை அனுப்பிக்கொள்ளும் ஏற்பாட்டில் தரங்கம்பாடியிலிருந்து 2019இல் போனோம். ஒரு காலத்தில் அங்கிருந்து மிஷனரிகள் இங்கே வந்தார்கள். இப்போது இங்கிருந்து அங்கே. அந்தப் பகுதியில் பெரும்பாலானவர்கள் எந்தச் சபையையும் சேராதவர்கள். 40 வருடக் கம்யூனிஸ்ட் ஆட்சியில் காலியான பெஞ்சுகள் அதன்பிறகும் நிரம்பவில்லை. அவருக்கு ஞாயிறுதோறும் இரண்டு மூன்று ஆராதனைகள், நடுவாரத்தில் நல்லடக்கங்கள், முதியோர் இல்லம், திடப்படுத்தல் வகுப்பு. எனக்குப் பிள்ளைகளும் பெண்கள் கூட்டமும், வீடு வீடாகப் போய் உட்கார்ந்து காபி குடிப்பதும். அந்தக் காபியும் ஊழியம்தான் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. நீண்ட லீவு கிடைத்த இரண்டு தடவையும் ஊருக்குத்தான் ஓடினோம். ஐரோப்பாவில் ஆறு வருடம் இருந்தும் ஆல்ப்ஸ் மலையை நாங்கள் கண்ணால் கண்டதில்லை.

தங்கும் அனுமதி அக்டோபர் கடைசி வரை இருந்தது. ஜெர்மனியின் அனுமதி கையில் இருந்தால் ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் சுற்றலாம். ஐந்து வாரம் என்று முடிவு செய்தோம். அவருக்கு மலை பார்க்க வேண்டும், பனி மூடிய சிகரம் ஒன்றாவது பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஒன்று இருந்தது. தரங்கம்பாடியில் வளர்ந்த எல்லாருக்கும் ஜூலை 9 தெரியும். 1706ஆம் வருடம் அந்த நாளில்தான் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்க் ஐயரும் புளூச்சோ ஐயரும் எங்கள் கரையில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு வருடமும் அதை நினைவுகூருவோம், பாடுவோம். ஆனால் ஒருவர் வந்த நாள் என்றால் அதற்கு முன்னால் அவர் எங்கிருந்தோ புறப்பட்ட நாள் ஒன்று இருக்கிறதே. அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நானே புறப்பட்டுப் போனவள் ஆன பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. அவர்கள் புறப்பட்ட வீடுகளையும் கரையையும் பார்க்க வேண்டும் என்றேன். "சரி, உன் ஊர்களுக்கும் போவோம், என் மலைக்கும் போவோம்" என்றார் அவர்.

முதலில் பக்கத்தில் இருந்தது. ட்ரெஸ்டன் நகரத்திலிருந்து எல்பே ஆற்றை ஒட்டி ரயிலில் அரை மணி நேரம் போனால் ராதன் என்ற சின்ன ஊர். அங்கே இறங்கி, இழுகயிற்றில் ஊசலாடும் படகில் ஆற்றைக் கடந்து, காட்டுப் பாதையில் ஏறினோம். மேலே பாஸ்டாய் என்கிற இடம். மணற்பாறைகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தூணாக ஆற்றிலிருந்து 194 மீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன. தூணுக்குத் தூண் தாவுகிற மாதிரி 1851இல் கட்டிய ஒரு கல்பாலம், ஏழு வளைவுகளோடு. அதன் நடுவில் நின்று கீழே பார்த்தால் எல்பே ஒரு பச்சை நாடாவைப் போல வளைந்து போகிறது. அதில் ஒரு துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் போனது. அதன் ஊதல் ஒலி மேலே எங்களுக்கு வந்து சேர்ந்தபோது கப்பல் வளைவைத் தாண்டியிருந்தது.

அந்தப் பகுதிக்குப் பெயர் சாக்சனியின் சுவிட்சர்லாந்து. சுவிட்சர்லாந்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் ட்ரெஸ்டன் ஓவியப் பள்ளிக்கு வேலைக்கு வந்த ஆட்ரியான் ட்சிங், ஆன்டன் கிராஃப் என்ற இரண்டு சுவிஸ் ஓவியர்கள் இந்தப் பாறைகளைப் பார்த்து, தங்கள் ஊர் மாதிரியே இருக்கிறதே என்று வைத்த பெயராம். ஊர் நினைப்பு வந்த மனிதர் வைத்த பெயர் ஒரு நாட்டின் வரைபடத்தில் நிலைத்துவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. நானும் பவுட்சனில் ஸ்பிரே ஆற்றின் ஒரு வளைவுக்கு மனதுக்குள் உப்பனாறு என்றுதான் பெயர் வைத்திருந்தேன்.

திரும்பும்போது ட்ரெஸ்டனில் பிரவுவன்கிர்ஹே கோவிலுக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் இடிந்து, அரை நூற்றாண்டு கற்குவியலாகவே கிடந்து, 2005இல் மறுபடி பிரதிஷ்டை ஆன கோவில். பழைய கற்கள் கறுப்பாகவும் புதியவை வெளிறியும் இருப்பதால் எது மிஞ்சியது, எது சேர்த்தது என்று வெளியிலிருந்தே தெரியும். உச்சியில் இருக்கும் சிலுவையைச் செய்த ஆங்கிலேயப் பொற்கொல்லரின் தந்தை, அந்த நகரத்தின் மேல் குண்டு போட்ட விமானிகளில் ஒருவர். என் கணவர் இதைப் பிரசங்கத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்தச் சிலுவைக்குக் கீழே நின்றபோது அவர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்து புல்ஸ்னிட்ஸ். சீகன்பால்க் ஐயர் 1682இல் பிறந்த ஊர். எங்கள் குருமனையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இருந்தும் ஆறு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் ஒரு குழுவோடு போய், பேச்சுகள் கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தேன். இந்த முறை நாங்கள் இருவர் மட்டும். சின்னச் சந்தைத் திடல், நிக்கோலாய் கோவில், சுத்தமான தெருக்கள். அவர் தந்தை தானிய வியாபாரி. தாய், சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு இறக்கும் தறுவாயில், உங்களுக்கு ஒரு புதையல் வைத்திருக்கிறேன், அதை வேதத்தில் தேடுங்கள், அதன் ஒவ்வொரு பக்கத்தையும் என் கண்ணீரால் நனைத்திருக்கிறேன் என்று சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். கொஞ்ச காலத்தில் தந்தையும் போய்விட, அக்காள்தான் வளர்த்தாள். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தத் தெருவில் நடந்தபோதுதான் வேறு ஒன்று உறைத்தது. 23 வயதில் அவர் கப்பல் ஏறியபோது, போகாதே என்று அழ ஒரு தாய் இல்லை. தம்பி என்று கூப்பிட்ட அக்காள் மட்டும் எங்கோ இருந்திருப்பாள். அவளைப் பற்றி நாங்கள் பாட்டு ஒன்றும் பாடுவதில்லை.

புல்ஸ்னிட்ஸ் இன்னொன்றுக்கும் பேர்போனது. ஃபெஃபர்கூகன் என்கிற மசாலாக் கேக். பெயருக்கு நேர் அர்த்தம் மிளகுக் கேக். 1558இலிருந்து அந்த ஊர் பேக்கரிக்காரர்களுக்கு அதைச் சுடும் உரிமை உண்டு. மாவையும் இனிப்புப் பாகையும் பிசைந்து வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, பிறகுதான் பட்டை, கிராம்பு, ஏலம் எல்லாம் சேர்த்துச் சுடுகிறார்கள். பெரும்பாலும் மிளகு சேர்ப்பதே இல்லை. கடல் கடந்து வந்த எல்லா மசாலாவையும் அந்தக் காலத்தில் மிளகு என்றே சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பெயர் தங்கிவிட்டது. டேனிஷ்காரர்கள் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியில் இடம் கேட்டதும் முக்கியமாக மிளகு வியாபாரத்துக்குத்தான். நம் பக்கத்து மணம் இந்த மனிதர் பிறப்பதற்கு நூறு வருடம் முன்பே அவர் ஊர் அடுப்புகளில் இருந்திருக்கிறது.

அம்மாவுக்கு இந்தக் கேக் பிடிக்கும். முதல் மூன்று கிறிஸ்துமஸுக்கும் பார்சலில் அனுப்பினேன். 2022 பிப்ரவரியில் அம்மா போய்விட்டார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் அண்ணன் போன் செய்தான். மறுநாளே அடக்கம். வெளியில் முழங்கால் அளவு பனி, எந்த விமானத்தைப் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. குருமனைச் சமையலறையில் போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்துவைத்து, அதில் அடக்க ஆராதனையைப் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. கடற்காற்றில் மைக் இரைந்தது. அன்றைக்கும் அவருக்கு இரண்டு கிராமங்களில் ஆராதனை இருந்தது. முடித்துவிட்டு ஓடிவந்தார். சாயங்காலம் அந்தத் தொண்ணூறு வயதுப் பாட்டி பனியில் கைத்தடியோடு வந்து, ஹெர்ன்ஹூட் வசனப் புத்தகத்தை எடுத்து அன்றைய வசனத்தை வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அதனால்தான் ஹெர்ன்ஹூட்டையும் பயணத்தில் சேர்த்தேன். 1722இல் மொராவியாவிலிருந்து விசுவாசத்துக்காக ஓடிவந்தவர்களுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்தார் சின்சென்டார்ஃப் பிரபு. அப்படி எழுந்த ஊர் அது. அவர் ஹாலே நகரத்தில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோதே தரங்கம்பாடியிலிருந்து வந்த மிஷனரிகளைச் சந்தித்தவர். பத்தே வருடத்தில், 1732இல், அந்தச் சின்ன ஊர் கரீபியன் தீவுக்கு ஆள் அனுப்பியது. 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். தினவசனப் புத்தகத்தை 1731 முதல் ஒவ்வொரு வருடமும் அச்சிடுகிறார்கள். 2024இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது.

ஊருக்கு மேலே குன்றின் சரிவில் கல்லறைத் தோட்டம். அதைக் கடவுளின் வயல் என்கிறார்கள். இரண்டு பக்கமும் வெட்டிச் சீராக்கிய லிண்டன் மரங்கள். கல்லறைகள் எல்லாம் தரையோடு படிந்த ஒரே மாதிரிக் கற்கள். பிரபுவின் குடும்பத்துக்கு மட்டும் நடுவில் கொஞ்சம் உயரமான கல். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், குடும்பம் குடும்பமாக இல்லை, இறந்த வரிசைப்படி. அம்மாவின் கல்லறையை நான் அதுவரை போட்டோவில்தான் பார்த்திருந்தேன். யாரோ ஒருத்தியின் கல்லின் மேல் கிடந்த இலைகளைத் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. கணவர் கொஞ்ச தூரத்தில் நின்று காத்திருந்தார். கூப்பிடவில்லை. கீழே லவுசிட்ஸ் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாய் மங்கிக்கொண்டே போய்ச் செக் நாட்டு எல்லைக்குள் மறைந்தன.

ஹாலேயில் மூன்று நாள் இருந்தோம். இசைமேதை ஹேண்டல் பிறந்த வீட்டை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி, மீதி நேரமெல்லாம் பிராங்கே நிறுவனங்களில்தான். 1698இல் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் அநாதை இல்லம் தொடங்கி, அதைச் சுற்றிப் பள்ளிகள், அச்சகம், மருந்துக்கூடம் என்று ஒரு சிறு நகரத்தையே எழுப்பிவிட்டார். முகப்பின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள், கீழே ஏசாயா 40:31. உள்முற்றத்தின் ஒரு பக்கம் முழுக்க மரச்சட்டங்களால் ஆன ஒரு நீளமான வீடு. நடந்துகொண்டே இருக்கலாம், முடியாது.

எங்கள் ஊரில் பேசும் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு வேர் இருக்கிறது. எங்கள் ஊர் அச்சகத்துக்கு முதல் தமிழ் அச்செழுத்துகளை அங்கேதான் செய்து கப்பலில் அனுப்பினார்கள். எழுத்துகள் பெரியவையாக இருந்ததால் காகிதம் நிறையச் செலவாகிறது என்று தரங்கம்பாடியில் சிறியவற்றை வார்த்துக்கொண்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது. காகிதப் பற்றாக்குறைக்குப் பொறையாறில் ஒரு காகித ஆலை வைத்துப் பார்த்தார்கள். அந்த இடத்தைக் கடுதாசிப்பட்டறை என்றுதான் எங்கள் பக்கத்தில் இன்னும் சொல்கிறோம். சின்ன வயதில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். அதன் மறுநுனி இந்த முற்றத்தில் இருக்கும் என்று தெரியாது.

பழைய அநாதை இல்லத்தின் மேல்தளத்தில், கூரைக்கு அடியில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல உலகமெங்குமிருந்து சேகரித்த பொருள்களின் அறை. ஓவியம் தீட்டிய 18ஆம் நூற்றாண்டு அலமாரிகள். சிப்பி, பாம்பு, கப்பல் மாதிரி, விதைகள். இந்தியப் பொருள்களுக்கென்றே ஓர் அலமாரி. எழுத்துகளுக்கான அலமாரிக்கு முன்னால் வந்ததும் நான் நின்றுவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் பனை ஓலை. நம் எழுத்து. எங்கள் தோட்டத்திலும் நிற்கிற அதே பனை. என் கணவர் குனிந்து ஒரு வரியை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பார்த்தார். புள்ளி வைக்காமல் எழுதிய பழைய எழுத்து, பாதிதான் பிடிபட்டது. பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன் குடும்பம் அவர் வாசிப்பதைக் கவனித்தது. சின்னப் பையன் ஒருவன், "உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டான். "எங்க வீட்டு பாஷைதான்" என்று அவர் ஜெர்மனில் சொல்லி, ஓர் எழுத்தைக் கண்ணாடியில் விரலால் எழுதிக்காட்டினார். பையனும் எழுதினான். சீகன்பால்க் ஐயர் எங்கள் ஊரில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகியதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஹாலேயில் என் மனதைப் பிடித்துக்கொண்டவர் அவர் இல்லை. மலையப்பன். 1714இல் சீகன்பால்க் ஐயர் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியபோது கூட வந்த தமிழ் இளைஞர். பீட்டர் மலையப்பன் என்று பதிவுகளில் இருக்கிறது. கப்பலில் வரும்போது இருவரும் மொழி வேலை செய்துகொண்டே வந்திருக்கிறார்கள். ஐயர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது. அந்த வருடம் இருவரும் தரங்கம்பாடி திரும்பிவிட்டார்கள். இலக்கணத்தின் முகப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது. அந்த மொழியை மூச்சாக வைத்திருந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கல்முற்றத்தில் அவர் நடந்திருக்கிறார் என்பது போதும். குளிரில் எப்படி இருந்திருப்பார்? முதல் பனியைத் தொட்டுப்பார்த்திருப்பாரா? தமிழில் பேச ஒரே ஓர் ஆள், அவரும் தமிழைப் படித்துத் தெரிந்துகொண்டவர். முதல் குளிர்காலத்தில் நான் தினமும் மாலை நான்கு மணிக்கு, வெளியே இருட்டிய பிறகு, காரணமில்லாமல் அழுவேன். ஊழியத்துக்கு வந்த இடத்தில் அழுவது பாவமோ என்று பயந்து யாரிடமும் சொன்னதில்லை. அந்த முற்றத்தில் அதை முதல்முறையாகக் கணவரிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்மா. நான் காரிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன்" என்றார் அவர். ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம்.

ஹாலேயில் ஒரு வருத்தமும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஐயர் விரிவாக ஒரு நூல் எழுதி 1713இல் ஹாலேக்கு அனுப்பினார். நம் ஜனங்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. உன்னை அனுப்பியது அந்தச் சமயத்தை ஒழிக்க, அதை இங்கே பரப்ப அல்ல என்ற எண்ணத்தில் பிராங்கே அதை அச்சிடவில்லை. 1867இல்தான், அதுவும் சென்னையில், அது அச்சாயிற்று. 150 வருடம் அலமாரியில் கிடந்தது. பிராங்கே பெரிய மனிதர், ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். ஆனால் இந்த விஷயத்தில், அனுப்பியவருக்குத் தெரியாத ஒன்று அனுப்பப்பட்டவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். போன இடத்து மனிதர்களை நெருங்கிப் பார்த்த பிறகு அவர்களைப் பற்றி அலட்சியமாகப் பேச வாய் வராது. காலிப் பெஞ்சுகளைப் பற்றி ஊரில் சிலர் என்னிடம், "அங்கே எல்லாரும் கடவுளை விட்டுவிட்டார்களாமே" என்று கேட்கிறார்கள். பனியில் கைத்தடியோடு வந்த பாட்டியைத்தான் நான் பதிலாகச் சொல்கிறேன். அந்தப் பாட்டியை அன்றைக்குக் காரில் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, வெளியே காத்திருந்து திரும்பக் கூட்டிப்போனவர் எந்தச் சபையிலும் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்.

அப்புறம் தெற்கே. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு பகல், ஓர் இரவு. ரைன் நதியைக் கடக்க அங்கே மோட்டார் இல்லாத மரப்படகுகள் உண்டு. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியோடு படகைப் பிணைத்து, அதன் வாக்கைக் கொஞ்சம் திருப்பினால் நீரோட்டமே அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறது. சத்தமே இல்லை, தண்ணீர் பலகையைத் தட்டுவது மட்டும் கேட்கும். அக்கரைக்கும் இக்கரைக்கும் இரண்டு தடவை போய்வந்தோம்.

1815இல் தொடங்கிய பாசல் மிஷனின் பழைய வீடும் அந்த ஊரில்தான். மங்களூர் ஓடு என்று நாம் சொல்வதை 1865 முதல் சுட்டுக் கொடுத்தவர்கள். முன்பின் பார்த்திராத மிஷனரிக்கு மனைவியாக இங்கிருந்து கப்பலில் பெண்களை அனுப்பியிருக்கிறார்கள். துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் மாப்பிள்ளை முகம் தெரியும். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் பள்ளி வயது வந்ததும் பாசலில் இருந்த பிள்ளைகள் இல்லத்துக்கு வந்துவிட வேண்டும், தாய் அங்கே, பிள்ளை இங்கே, வருடக்கணக்காக. எங்கள் வீட்டுக் கூரையிலும் அந்த ஓடுகள்தான். மழைக்காலத்தில் ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி, அதன் பின்னால் இப்படித் தாய்மார்கள் இருந்தார்கள் என்று யோசித்ததில்லை.

பிறகு அவருடைய மலை. லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் நான்கு இரவு தங்கினோம். பெர்ன், இன்டர்லாக்கன் வழியாக ரயில். கடைசி இருபது நிமிடம் ஒரு மலைக்காட்டுக்குள் போய்த் திடீரென்று திறக்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், நடுவில் பச்சைத் தரை, அதில் மரவீடுகள். சுவர்களிலிருந்து அருவிகள். 72 என்று கணக்குச் சொல்கிறார்கள். ஊருக்கு நேர் மேலே ஸ்டவுப்பாக், ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். பெயருக்குத் தூசியோடை என்று பொருள். மேலே தண்ணீராகப் புறப்படுவது பாதி வழியில் காற்றில் சிதறிப் புகையாகி, கீழே வரும்போது வெறும் ஈரமாகத்தான் முகத்தில் படுகிறது. குற்றாலத்தில் அருவி நம் தலையில் இடிக்கும். இது தொட்டுவிட்டுப் போய்விடுகிறது.

முதல் இரண்டு நாளும் மேகம். மலை எங்கே என்றே தெரியவில்லை. அவர் ஐந்து மணிக்கே எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். மழையில் ட்ரும்மல்பாக் போனோம். அது மலையின் வயிற்றுக்குள் விழும் அருவி. யுங்ஃப்ராவ், மோன்ஷ், ஐகர் மூன்று சிகரங்களின் பனிப்பாறைகளும் உருகி அந்த ஒரே பிளவு வழியாக இறங்குகின்றன, உச்ச நேரத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை. பாறைக்குள் படி ஏறும்போது சத்தத்தில் மார்புக்கூடு அதிர்ந்தது. பேச முடியாது, கையைத்தான் பிடித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் விடியற்காலை என்னை எழுப்பினார். சால்வையைப் போர்த்திக்கொண்டு பால்கனிக்குப் போனேன். பள்ளத்தாக்கு இன்னும் இருட்டில். மேலே, மேகம் இருந்த இடத்தில், வெள்ளைச் சிகரங்கள். கீழே எங்களுக்கு இரவு முடியாதபோதே அங்கே உச்சியில் வெயில் விழுந்துவிட்டது. முதலில் செம்பருத்தி இதழின் நிறம், பிறகு சந்தனம், பிறகு கண் கூசும் வெள்ளை. இத்தனைக்கும் ஒரு சத்தமும் இல்லை. எங்கோ ஒரு மாட்டு மணி மட்டும். அவர் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். நான்கு கிராமங்களுக்கு நடுவே அந்தப் பழைய காரில் ஆறு வருடம் ஓடிய மனிதர். எத்தனை பேரை அடக்கம் செய்தார் என்று அவர் எண்ணியதில்லை, நான் எண்ணியிருக்கிறேன். அந்த நேரம் அவர் முகத்திலிருந்து அந்தக் களைப்பு இறங்கிப்போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சிகரத்தைக் குறைவாகத்தான் பார்த்தேன்.

அன்று பல்சக்கர ரயிலில் வெங்கன் வரை ஏறினோம். கார் போக முடியாத ஊர். 4,158 மீட்டர் யுங்ஃப்ராவ் எதிரே முழுசாக உட்கார்ந்திருந்தது. 3,454 மீட்டரில் உள்ள ரயில் நிலையம் வரை போகக் கட்டணம் எங்கள் கையைக் கடித்ததால் போகவில்லை. வெங்கனில் ஒரு பெஞ்சில் புளிச்சோறு சாப்பிட்டோம். போதுமானதாக இருந்தது.

கடைசி நீளப் பயணம் வடக்கே, கோபன்ஹேகன். வழியில் இணைப்பு ரயிலைத் தவறவிட்டு ஒரு நிலையத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம். குளிர், பூட்டிய காத்திருப்பு அறை. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அக்டோபர் தொடக்கத்துக் கோபன்ஹேகனில் காற்று உப்பாக இருந்தது. கடற்கரை ஊரில் பிறந்தவளுக்கு அது ஒன்றே போதும். கிறிஸ்டியான்ஸ்ஹாவன் பகுதியில் இரட்சகர் கோவிலின் கோபுரத்துக்கு வெளிப்பக்கமாகச் சுற்றி ஏறும் படிகள் உண்டு. மொத்தம் 400, கடைசி 150 திறந்த வெளியில். படி குறுகிக்கொண்டே போய் உச்சியில் காணாமல் போகிறது. அங்கிருந்து துறைமுகம் முழுவதும் தெரிந்தது. நீஹாவன் கால்வாயும் அதன் வண்ண வீடுகளும். 1670களில் வெட்டிய கால்வாய், ஐயர் வந்தபோதே இருந்தது. 1705 நவம்பர் 29, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் கட்டளைப்படி, அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு சோபியா ஹெட்விக் என்ற கப்பல் இந்த நீரிலிருந்து கிளம்பியது. எங்கள் கரைக்கு வந்து சேர ஏழு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நான் பார்க்க வந்த நாள் இதுதான், இடம் இதுதான்.

கீழே இறங்கிக் கரையோரம் உட்கார்ந்தோம். நவம்பர் கடைசியில் மாலை நாலு மணிக்கு இங்கேயும் இருட்டியிருக்கும். யார் வழியனுப்ப வந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா சென்னைக்கு வரவில்லை. "ஏர்போர்ட் எல்லாம் எனக்கு வேண்டாம், வாசலிலேயே அனுப்பிடறேன்" என்றார்கள். வாசலில், கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் அவசரத்தில், "போறேம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா விடவில்லை. "போயிட்டு வரேன்னு சொல்லு" என்றார்கள். சொன்னேன். போய்விட்டும் வந்தேன், நடுவில் இரண்டு தடவை வந்தேன். கடைசியாக வந்தபோது வாசலில் அண்ணன் நின்றான்.

இதைக் கணவரிடம் சொன்னேனா, வெறுமனே நினைத்தேனா என்று ஞாபகமில்லை. கால்வாயில் சுற்றுலாப் படகு ஒன்று பாலத்துக்கு அடியில் நுழைந்தது. அதில் இருந்த பிள்ளைகள் கரையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கை காட்டினார்கள். நாங்களும் காட்டினோம். வெளிச்சம் போகும்வரை அங்கேயே இருந்தோம்.

ஊர் வந்து சேர்ந்த முதல் ஞாயிறு, புதிய எருசலேம் ஆலயத்தில் ஆராதனை. 1718இல் ஐயர் கட்டியது, அவர் அடக்கமாகியிருப்பதும் அங்கேதான், 36 வயதில் போய்விட்டார். ஆராதனைக்குப் பிறகு பெட்டியில் கொண்டுவந்த புல்ஸ்னிட்ஸ் கேக்கைத் துண்டு போட்டு எல்லாருக்கும் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அத்தை ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"இது உங்கம்மாவுக்கு வருமே, அந்தக் கேக்குதானே? டீயில முக்கி முக்கித் தின்னுவா. எனக்குப் பாதி ஒடிச்சுக் கொடுப்பா" என்றார். "இன்னொண்ணு இருந்தா குடு."